உள்ளே விட்ட துணி

தையல்காரி யாருடைய இடுப்பளவையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். தோளைச் சொல்வாள், கை நீளத்தைச் சொல்வாள், கால் நீளத்தை வாசலில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வாள். இடுப்புக்கு வரும்போது மட்டும் டேப்பைச் சுற்றி, ஒரு விரலை உள்ளே நுழைத்துப் பார்த்து, மனசுக்குள் குறித்துக்கொண்டு, "ஆச்சு, திரும்பிக்கங்க" என்பாள். விடாப்பிடியாகக் கேட்பவர்களுக்கு முழு எண்ணைச் சொல்லி அரையை விழுங்கிவிடுவாள். "போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கீங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வாள். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். அந்த அரை இஞ்ச் பொய்யால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. நாக்கு சொல்லாத உண்மையைத்தான் அவள் துணிக்குள் தைத்துவிடுகிறாளே.

அதற்காகவே எந்த உடுப்பை வெட்டினாலும் உள்ளே கொஞ்சம் கூடுதலாகத் துணி விடுவாள். வெளியே தெரியாமல் தையலுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் துணி. உடம்பு பெருத்தால் பழைய தையலைப் பிரித்து, அதிலிருந்து விட்டுக்கொடுக்கலாம். மற்றவர்கள் ஒரு விரல்கடை விட்டால் அவள் இரண்டு விரல்கடை விடுவாள். கணவருக்கு என்றால் மூன்று.

கணவருக்கு பிஸ்கட் ஆலையில் வேலை. ஓடும் பட்டையில் வரிசையாக வரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததைக் கண்டுபிடித்து ஓரம் தள்ளவேண்டும். தள்ளிய உடைசலை வாரக் கடைசியில் ஆட்களுக்கே பை பையாக அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பையோடு தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் "பிஸ்கட் மாமா!" என்று ஓடிவரும். பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மீதியை அவர்தான் தின்று தீர்ப்பார். டீயில் தோய்த்து, வெறும் வாயில், சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்காக, சாப்பாட்டுக்கு முன்னால் பசிக்காக. "நாள் பூரா உடைஞ்சத வேணாம்னு தள்றவன் நான். வீட்லயாவது வேணும்னு சொல்றேனே" என்பார். ஆலையில் இயந்திரச் சூட்டுக்கு, பாட்டிலில் வரும் இனிப்புச் சோடாவைத் தண்ணீராகக் குடிப்பார். திரும்பும் வழியில் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம். வந்ததும் அவள் தையல் மெஷினுக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "மாஸ்டர், ஒரு டீ கிடைக்குமா?" என்பார்.

கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது அந்த மாஸ்டர். தையல் கடையில் வெட்டுகிறவரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். அவள் வேலை பார்த்த கடையில் எந்தப் பெண்ணையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. பதிலுக்கு அவர் பேண்ட்டுகளை எல்லாம் தன் கையாலேயே தைத்தாள். பெல்ட் போட விடவில்லை.

"நான் தச்ச பேண்ட்டுக்கு பெல்ட் எதுக்குங்க? அது என்னை அவமானப்படுத்துற மாதிரி."

"சரி மாஸ்டர். நழுவி விழுந்தா நீங்கதான் பொறுப்பு."

அது நழுவவில்லை. ஒருநாள் துவைத்து மடிக்கும்போது இடுப்புக் கொக்கி இழுபட்டு வளைந்திருப்பதைப் பார்த்தாள். அவரிடம் கேட்கவில்லை. பின்பக்க நடுத்தையலைப் பிரித்து, அரை விரல்கடை விட்டுக்கொடுத்து, பழைய நூல் நிறத்திலேயே தைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். மறுநாள் அவர் போட்டுக்கொண்டு போனார். வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதில் ஒரு ரகசிய இன்பம் இருந்தது. தூங்குகிறவருக்குப் போர்வையை இழுத்து விடுவதைப் போன்ற ஒன்று. செய்தது தெரியாமல் இருப்பதுதான் அதில் அழகு. வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு முறை என்று அவள் அதைச் செய்துகொண்டே வந்தாள். பழசைப் பிரித்து விட்டுக்கொடுத்தாள், புதுசைப் பெரிதாக வெட்டினாள். தன் உடம்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்த வீட்டில் ஒரு கொக்கிகூட மிச்சமில்லை.

ஒருமுறை ஆலைக்கு மருத்துவ வேன் வந்தது. எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். அன்று அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாஸ்டர், விஷயம் தெரியுமா? எனக்குக் கொழுப்பாம். கல்லீரல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

"நீதான் கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டியே, இந்த ஆளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு. டாக்டருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு. அவங்க மெஷின் வச்சுக் கண்டுபிடிச்சாங்க. நீ வெறும் கண்ணாலயே கண்டுபிடிச்ச."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள்தான் சிரிக்கவில்லை. அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. "என்ன சாப்பிடச் சொன்னாங்கப்பா?" என்று பிடித்துக்கொண்டாள்.

"தட்டுல பாதி காய்கறியாம். பருப்பு, கீரையாம். பொரிச்சது கூடாதாம், சோடா கூடாதாம், தினம் நடக்கணுமாம். உடம்பு கொஞ்சம் இளைச்சாலே கொழுப்பு தன்னால கரைஞ்சிடுமாம். பெரிய வியாதியெல்லாம் இல்ல, சின்னப் பொண்ணு அந்த டாக்டர், பயமுறுத்துது."

அடுத்த நாளிலிருந்து வீட்டில் காய்கறி நிறைந்த தட்டு வந்தது. அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "இது மருந்து. இனிமே சாப்பாடு" என்று பிஸ்கட் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் பையைப் பிடுங்கினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தையல்காரிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ரெண்டு குடுடி, பாவம்" என்றாள்.

"உன்னாலதாம்மா இவர் கெட்டுப்போறாரு" என்றாள் மகள். கோபத்தில் சொன்னதுதான். எந்த அளவுக்குச் சரி என்று மகளுக்கே தெரியாது.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு மாலை, அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து வயிற்றைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லல மாஸ்டர். அந்த டாக்டர் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? 'எடை மெஷினெல்லாம் தேடிப் போகவேண்டாம் சார். போட்டிருக்கிற பேண்ட்டப் பாருங்க. லூசாச்சுன்னா நல்லது. இறுகிச்சுன்னா உள்ள கொழுப்பு ஏறுதுன்னு அர்த்தம், உடனே என்னை வந்து பாருங்க'ன்னுச்சு. நானும் வைராக்கியமா தினம் காலைல பார்த்துட்டுதான் போறேன். ஒரு வருஷமாச்சு. இறுகவே இல்ல." அவர் எழுந்து நின்று, இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். "பாரு. அப்படியே இருக்கேன். உன் பொண்ணுகிட்ட சொல்லு."

ஊசி பொத்தான் துளையிலேயே நின்றது. அந்தச் சாம்பல் நிற பேண்ட்டை அவள் போன வாரம்தான் பிரித்திருந்தாள்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயும் திறந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். ஆலையில் அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் அவருக்கு மேலே போய்விட்டார்கள். எதிலாவது ஜெயித்துவிட்டு அவர் இப்படி நின்று அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த நிற்பைக் கலைக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். எண்ணெயைக் குறைத்து, கீரையைக் கூட்டி, தானே அவரை இளைக்க வைத்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது என்றும் நினைத்தாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் வெகுநாள் கழித்துத்தான் தனக்கே ஒத்துக்கொண்டாள். சொன்னால், ஒரு வருஷமாக அவரை ஏமாற்றியது யார் என்ற கேள்வி வரும்.

"அப்படியா?" என்று மட்டும் சொல்லி நூலை அறுத்தாள்.

அதன்பிறகு அந்த பேண்ட் அவர் கையில் ஆயுதமாகிவிட்டது. மகள் சோடாவைத் தொடாதே என்றால், "பேண்ட்டே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் சொல்ற?" என்பார். நடக்கக் கூப்பிட்டால், "நடக்காமயே இவ்வளவு கட்டுப்பாடா இருக்கேன்" என்பார். மறுபடி வேன் வந்தபோது வரிசையில் நிற்கவே இல்லை. தையல்காரி சோற்றைக் குறைத்தால் அவர் உடைசலைக் கூட்டிக்கொண்டார். ஒருதரம் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பேண்ட்டைப் பிரிக்காமல் விட்டுப் பார்த்தாள். தானே இறுகட்டும், தானே தெரியட்டும் என்று. சாயங்காலம் அவர் வந்து சட்டையைத் தூக்கினார். கொக்கி பதிந்து வயிற்றில் சிவப்பாகக் கோடு.

"மாஸ்டர், துணி சுருங்கிடுச்சு போல. சோப்பை மாத்திப் பாரேன்."

அவள் அந்தக் கோட்டின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாள் தையலைப் பிரித்தாள்.

பிறகு வந்ததெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. நாற்காலியிலிருந்து எழ அலுத்துக்கொண்டார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். பிஸ்கட் பை பிரிக்கப்படாமலே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் முதலில் பயந்தாள். மகள் ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் அப்பாவின் மஞ்சளித்த கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னாள்.

பெரிய டாக்டர் படங்களை விளக்கில் வைத்துப் பார்த்தார். "பழக்கம் உண்டா?"

"உண்டு டாக்டர்" என்றார் கணவர். "பிஸ்கட்."

டாக்டர் சிரிக்கவில்லை. "குடிப்பழக்கத்தக் கேட்டேன்."

"ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டர்."

"குடிக்காதவங்களுக்கும் இது வரும். வருஷக்கணக்கா கொழுப்பு தங்கித் தங்கி, கல்லீரல் புண்ணாகி, தழும்பு விழுந்து இறுகிப்போச்சு. கொழுப்பா இருக்கும்போதே பிடிச்சிருந்தா சரிபண்ணியிருக்கலாம். முன்னாடி யாரும் பார்த்துச் சொல்லலையா?"

"சொன்னாங்க. பேண்ட் இறுகினா வரச்சொன்னாங்க." அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னார்: "அது இறுகவே இல்ல டாக்டர்."

டாக்டர் புரியாமல் அவர் மனைவியைப் பார்த்தார். தையல்காரி தன் விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் டாக்டர் மகளை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னதை, மகள் மாடிப்படி ஓரத்தில் வைத்து அம்மாவிடம் சொன்னாள். "இனிமே அப்பா இளைச்சுக்கிட்டே போவாராம்மா. அதுக்கப்புறம் வயிறு மட்டும் மறுபடி பெருத்தா அது சதை இல்லையாம். தண்ணி கோக்குறதாம். ஒருநாள்கூட தாமதிக்காம கூட்டிட்டு வரச்சொன்னாரு. நான் வேலைக்குப் போயிடுவேன். நீதான் பார்த்துக்கணும்."

அவர் இளைத்தார். கன்னம் ஒட்டியது, கை மரக்குச்சியானது. தெருவில் சிலர், "மறைச்சு மறைச்சுக் குடிச்சிருப்பாரு, பாவம் அந்த அம்மாவுக்குத் தெரியல" என்று பேசிக்கொண்டது அவள் காதுக்கு வந்தது. அவள் சண்டைக்குப் போகவில்லை. தெரியாமல் இருந்தது தான் இல்லை, அவர்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? பேண்ட்டுகளை எடுத்து, விட்டதையெல்லாம் திரும்ப உள்ளே பிடித்துத் தைத்தாள். இப்போதும் சொல்லாமல்தான். அவர் இளைத்தது அவருக்குத் தெரியவேண்டாம் என்று. கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. செய்து முடித்த பிறகுதான், தான் திருந்தவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

இப்போது அவர் தட்டில் இருப்பதையெல்லாம் பேசாமல் சாப்பிட்டார். உப்பில்லாத காய்கறி, வேகவைத்த பருப்பு. பிஸ்கட் பையைத் தெருப் பிள்ளைகளுக்கே முழுசாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். "இதை அன்னைக்கே சாப்பிட்டிருக்கலாம். அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்றார் ஒருநாள், கீரையைப் பார்த்து.

அன்று காலை மகள் வேலைக்குப் போன பிறகு, அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து குரல் வந்தது. வெகுநாளாகக் கேட்காத துள்ளலான குரல்.

"மாஸ்டர்! இங்க வாங்களேன். பேண்ட் இறுகுது!"

மெஷின் நின்றது. அவள் போனபோது அவர் கட்டிலோரம் நின்றிருந்தார். சாம்பல் நிற பேண்ட்டை முழங்காலிலிருந்து ஏற்றி, கொக்கியை மாட்டமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கையும் காலும் குச்சிகளாக இருக்க, வயிறு மட்டும் பளபளத்துப் புடைத்திருந்தது. தொப்புள் வெளியே தள்ளியிருந்தது.

"தேறிட்டேன் பாரு. உன் கீரை வேலை செய்யுது." மூச்சு வாங்கியது அவருக்கு. "கொஞ்சம் விட்டுக்குடேன் மாஸ்டர். உள்ள துணி விட்டிருப்பியே."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

துணி இருந்தது. மூன்று விரல்கடை விட்டது அவள்தானே. அதுதான் கொடுமை. பத்தே நிமிஷத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். அவர் அதைப் போட்டுக்கொண்டு, தேறிவிட்ட சந்தோஷத்தில் வாசல் நாற்காலியில் உட்காரலாம். சாயங்காலம் மகள் வரும்வரை, நாளை வரை, இந்த முகம் இப்படியே இருக்கும். அவள் கை நீண்டு பேண்ட்டை வாங்கிக்கொண்டது. அவர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துவந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எப்போதும் முன்னறையில், அவர் இல்லாத நேரத்தில் செய்கிற வேலை. நடுத்தையலைப் பிரித்தாள். பிரித்த துணியை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

உள்பக்கம் முழுவதும் வரிகளாக இருந்தது. வெளியே வெயில் பட்டு வெளுத்துப்போன சாம்பல் நிறம், அதை அடுத்து சற்றே அடர்ந்த ஒரு பட்டை, அதற்கும் உள்ளே இன்னும் அடர்ந்தது, கடைசி ஓரத்தில் கடையிலிருந்து வாங்கிய அன்றிருந்த நிறம். ஒவ்வொரு நிறத்தின் விளிம்பிலும் ஊசித் துளைகள், எறும்பு வரிசை போல.

அவர் கட்டைவிரலால் அவற்றைத் தடவினார். ஓடும் பட்டையில் உடைசலைக் கண்டுபிடித்த கண். புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை.

"இது எப்ப?" என்று முதல் கோட்டைத் தொட்டார்.

"பொண்ணு படிப்பு முடிச்சப்ப."

"இது?"

"வேன்ல வந்து பார்த்துட்டுப் போனப்புறம்." அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "அப்ப டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதுங்க."

விரல் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அது நீங்க சொன்னப்புறம். அதுக்கு அடுத்ததும்தான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் திட்டவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். பேண்ட்டைத் தூக்கி முகத்தில் எறிந்தாலும் பரவாயில்லை. அவர் துணியைத் திருப்பி வெளிப்பக்கம் பார்த்தார், மறுபடி உள்பக்கம் பார்த்தார்.

"இவ்வளவு தூரமா வந்திருக்கேன்!" என்றார் மெல்ல. பிறகு, "தெரியவே இல்ல மாஸ்டர். அவ்வளவு நல்லா தச்சிருக்கீங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் தையலை அவர் பாராட்டுவார் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்திருக்கிறாள். அது இந்தக் காலையில், இந்தத் துணிக்கு வந்து சேர்ந்தது.

"இப்ப பெருத்திருக்கிறது சதை இல்லைங்க" என்றாள் கையை எடுத்துவிட்டு. "தண்ணி. வயித்துல தண்ணி கோத்திருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பொண்ணுக்குப் போன் பண்றேன்."

அவர் வயிற்றைக் குனிந்து பார்த்தார். புதிதாக யாரோ வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல. முகத்திலிருந்த துள்ளல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அது அடங்குவதை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் பார்க்கப் பயந்து ஓடியது இதைத்தானே.

"போலாம்" என்றார். "அதுக்கு முன்னாடி அளவு எடு."

"எதுக்குங்க இப்ப?"

"ஊருக்கெல்லாம் எடுக்கற. எனக்கு ஒருநாளும் டேப் வச்சதில்ல. கண்ணாலயே பார்த்துத் தச்சுட்ட." அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கைகளைப் பக்கவாட்டில் தூக்கினார். "எடுங்க மாஸ்டர். எனக்குக் கேக்கணும்."

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். முழங்காலிட்டு, அவரைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், முன்னால் சேர்த்தாள். வழக்கம்போல் விரல் உள்ளே நுழையப் போனது. எடுத்துவிட்டாள். வயிறு சூடாக, கல்போல் விறைத்து இருந்தது. எண்கள் கண்ணீரில் கலங்கின. தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நாப்பத்தி மூணு" என்றாள்.

அவர் கைகளை இறக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"அரை" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கும்படி.